பழைய தையல் மெஷின் மலிவாக வருகிறதா? காசு கொடுக்கும் முன் கையால் சுற்றிப் பாருங்கள்

மலிவாக வரும் பழைய தையல் மெஷினில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, சின்னக் கோளாறு வந்ததும் வீட்டு மூலையில் போட்டு, மேலே துணி மூட்டை அடுக்கி வைத்தது. ஊசியை மாற்றி, அழுக்கெடுத்து, எண்ணெய் விட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். இன்னொன்று, பத்துப் பதினைந்து வருஷம் கடையில் ஓடித் தேய்ந்து, மேலே புதுப் பெயின்டும் ஸ்டிக்கரும் ஒட்டிக்கொண்டு வருவது. விலை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். பார்க்க அழகாக இருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். எது எந்த ரகம் என்று கண்ணால் சொல்ல முடியாது, கைக்குத்தான் தெரியும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். "ஓட்டிக் காட்டினேனே, போதாதா?" என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

இங்கே சொல்வது பெரும்பாலும் நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு நிற மிதி மெஷினைப் பற்றி. சிங்கரின் 15-ஆம் ரக அமைப்பை ஒட்டி வந்தது இது. உஷா, மெரிட், ரீட்டா என்று பெயர் எதுவானாலும் சாதாரண நேர்த்தையல் மாடல்களின் உள்ளமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். லூதியானாவில் இதற்கான உதிரிபாகங்கள் ஏராளமாகத் தயாராவதால் ஷட்டில் (ஊசிக்குக் கீழே மேல் நூலைப் பிடிக்கும் பாகம்), பாபின் கேஸ் (கீழ் நூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடு), பல் (துணியை நகர்த்துவது), ஸ்பிரிங் எல்லாம் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். பழைய மெஷின் வாங்க இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. பாகம் கிடைக்காத நல்ல மெஷினைவிடப் பாகம் கிடைக்கும் சுமாரான மெஷின் மேல்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: உறை பிரிக்காத 11-ஆம் நம்பர், 14-ஆம் நம்பர், 16-ஆம் நம்பர் ஊசிகள் இரண்டிரண்டு, நல்ல பாலியஸ்டர் நூல் இரண்டு நிறத்தில், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய டூத் பிரஷ், சின்ன பாட்டில் மெஷின் ஆயில், ரூல் போட்ட நோட்டுத்தாள் இரண்டு. துணியில் பாப்ளின் துண்டு ஒன்று, வாயில் சேலை மாதிரி மெல்லிய துணி ஒன்று, வழுக்கும் சாட்டின் அல்லது கிரேப் ஒன்று, பழைய ஜீன்ஸ் கால் ஒன்று. விற்பவர் கொடுக்கும் துணியில் தைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கஞ்சி ஏறிய காடாத் துணியை இரண்டாக மடித்தால் எந்த மெஷினும் முத்துமுத்தாகத் தைக்கும்.

முதலில் வெளியே

ஸ்டாண்டின் மேல் உட்காரும் தைக்கும் பகுதிதான் ஹெட். அதன் உடம்பு வார்ப்பிரும்பு. ஹெட்டைப் பின்பக்கம் சாய்க்கும் கீல் இருக்கும் இடங்கள், கை வளைந்து மேலேறும் இடம், ஊசி பக்கத்து முகத்தகட்டின் ஓரம், இந்த மூன்றிலும் விரிசல் தேடுங்கள். மெஷின் கீழே விழுந்திருந்தால் இங்கேதான் காட்டும். வெல்டிங் வைத்த அடையாளம் தெரிந்தால் திரும்பி வந்துவிடலாம். வார்ப்பிரும்பை ஒட்டினாலும் தண்டு போகும் துளைகள் பழைய நேர்கோட்டுக்கு வருவது அபூர்வம்.

புதுப் பெயின்ட் அடித்ததா என்று பார்க்க எண்ணெய்த் துளைகளைப் பாருங்கள். துளை பெயின்டால் அடைபட்டிருக்கும், அல்லது அதன் விளிம்பில் பெயின்ட் தடித்துச் சொட்டாக நிற்கும். ஸ்க்ரூ தலைகளின் வெட்டுக்குள்ளும் பெயின்ட் புகுந்திருக்கும். பெயின்ட் அடித்தது தப்பில்லை. ஆனால் எண்ணெய்த் துளை அடைபட்ட நாளிலிருந்து அந்தத் தண்டு காய்ந்துதான் ஓடியிருக்கும். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால் தெரியாத கை பலமுறை திறந்திருக்கிறது என்று பொருள். இதற்கு மாறாக, அசல் பெயின்டில் வலது கை வைக்கும் இடம் மட்டும் பூ வேலைப்பாடு அழிந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது ஒழுங்காக உழைத்த மெஷின்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரம்

மிதியில் ஓட்டிப் பார்க்கும் முன் பெல்ட்டைக் கழற்றுங்கள். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி, நூலையும் பாபினையும் எடுத்துவிட்டு, மேலே இருக்கும் சக்கரத்தை ஒற்றை விரலால் உங்களை நோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். ஸ்டாண்டின் சத்தம் கலக்காததால் ஹெட்டின் குறை மட்டும் தனியாகத் தெரியும்.

சுற்று முழுவதும் ஒரே சீராகக் கனமாக இருந்தால் காய்ந்த எண்ணெய்தான். நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம் தேங்காய் எண்ணெய். கையில் கிடைத்ததென்று ஊற்றிவிடுகிறார்கள். அது சில மாதத்தில் பழுப்பேறி, வெல்லப் பாகு மாதிரி ஒட்டி, கடைசியில் வார்னிஷாகவே இறுகிவிடும். சக்கரம் அசையவே அசையாத மெஷின்களில் பாதி இப்படிப்பட்டவை. எல்லாத் துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிச் சுற்றினால் இளகும். அழுக்கு வடிந்ததும் கட்டாயம் மெஷின் ஆயில் விட வேண்டும். மண்ணெண்ணெயோடு ஓட்டினால் தண்டு தேயும். இந்தக் குறையுள்ள மெஷினை விலை பேசித் தைரியமாக வாங்கலாம். எண்ணெய் இறுகியிருப்பதால் தேய்மானம் குறைவாகக்கூட இருக்கும்.

ஒரே இடத்தில் மட்டும் பிடித்தால் முதலில் ஷட்டில் குழியைப் பாருங்கள். ஒரு சாண் நூல் சிக்கியிருந்தாலே சக்கரம் நின்றுவிடும். அதை எடுத்த பிறகும் அதே இடத்தில் பிடித்தால் தண்டு வளைந்திருக்கலாம். அதை விட்டுவிடுங்கள்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லையா? இதைச் சொல்லியே மெஷினை அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டத் திருகு பாபின் சுற்றும்போது தளர்த்துவது. அதை இறுக்கினாலே பல சமயம் சரியாகிவிடும். இறுக்கியும் வழுக்கினால் உள்ளே இருக்கும் வாஷரைக் கழற்றிப் பாருங்கள். அதன் உள்வட்டத்தில் இரண்டு நாக்கு, வெளிவட்டத்தில் மூன்று காது இருக்கும். யாரோ சுத்தம் செய்துவிட்டு மாற்றி மாட்டியிருப்பார்கள். அரைச் சுற்றுத் திருப்பி மாட்டினால் பிடித்துக்கொள்ளும். பைசா செலவில்லை.

அடுத்து, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். 'டக்' என்று ஆடினால் மேல் தண்டின் துளை தேய்ந்திருக்கிறது. உள்ளும் வெளியுமாக லேசாக ஆடுவது வேறு விஷயம், அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஊசித் தண்டு: முடிவு இங்கேதான்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். சக்கரத்தைச் சுற்றி ஊசியை மிகக் கீழே கொண்டுவந்து, ஊசியைப் பிடித்திருக்கும் கிளாம்பை இரண்டு விரலால் பற்றி, முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். விரலுக்கு மட்டும் தெரியும் அசைவு இருக்கலாம். கண்ணுக்கே தெரியும்படி தண்டு சாய்ந்தால், அந்த மெஷின் மெல்லிய துணியில் தையல் விடும், தடித்த துணியில் ஊசி உடைக்கும். தண்டு ஆடும்போது ஊசிக்கும் ஷட்டிலின் மூக்குக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு குத்துக்கும் மாறுகிறது. அந்த இடைவெளி காகிதக் கனம்தான் இருக்க வேண்டும். அது கூடினால் மூக்கு நூலைப் பிடிக்காமல் தாண்டிப் போகும், குறைந்தால் ஊசியிலேயே உரசும்.

"புது பார் போட்டால் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொல்வார். பார் என்பது இந்த ஊசித் தண்டுதான். துளை தேயாமல் தண்டு மட்டும் தேய்ந்திருந்தால் அது உண்மை. துளையே முட்டை வடிவமாகிவிட்டால் புதுத் தண்டும் ஆடத்தான் செய்யும். துளையைக் கடைந்து புஷ் (உள்ளே செருகும் உலோக வளையம்) போடும் வேலை எல்லா மெக்கானிக்கிடமும் நடக்காது. சந்தேகமாக இருந்தால் வாங்காதீர்கள்.

நூலைத் தூக்கும் கொக்கியையும் விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் வேகமாக மிதிக்கும்போது நூல் அறும், தடதடவென்று சத்தமும் வரும்.

ஷட்டில், பாபின் கேஸ், பல்

இடது பக்கத்து நகரும் தகட்டைத் திறந்து பாபின் கேஸை எடுங்கள். அதில் பாபினைப் போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா பிடித்தால் நிற்க வேண்டும். மணிக்கட்டை லேசாக உதறினால் இரண்டு மூன்று விரற்கடை இறங்கி மறுபடி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினாலும் உதறியும் அசையாவிட்டாலும் பக்கத்துச் சின்னத் திருகைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் கேஸ் போய்விட்டது. புதியது மலிவு.

ஷட்டிலைக் கழற்றி அதன் கூரிய மூக்கை நகத்தின் மேல் மெல்ல இழுங்கள். வழவழப்பாகப் போக வேண்டும். சுரண்டினால் அந்த முனையில் பிசிர் இருக்கிறது, நூல் அடிக்கடி அறுவதற்கு அதுவே போதும். ஷட்டிலை மாற்றுவதும் பெரிய செலவில்லை. ஆனால் ஷட்டில் ஓடும் குழியில் ஆழமான கோடு விழுந்திருந்து, ஷட்டிலும் அதற்குள் கடகடவென்று ஆடினால் புது ஷட்டில் மட்டும் போதாது. குழியைச் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கில் வையுங்கள்.

ஊசி கீழே போய்த் திரும்பி ஏறத் தொடங்கும்போது, சுமார் 2 மில்லிமீட்டர் ஏறிய நேரத்தில், ஷட்டிலின் மூக்கு ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே ஊசியைக் கடக்க வேண்டும். செல்போன் டார்ச் அடித்தால் இது நன்றாகத் தெரியும். முன்னே பின்னே இருந்தால் பெரும்பாலும் ஊசித் தண்டின் உயரம் நகர்ந்திருக்கும். தெரிந்த மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை.

ஊசித் தகட்டின் துளையையும் அதே வெளிச்சத்தில் பாருங்கள். உடைந்த ஊசிகள் குத்திய வடு துளையோரத்தில் முள்ளாக நிற்கும். துளை ஒரு பக்கமாகப் பெரிதாகியிருந்தால் மெல்லிய துணியை ஊசி உள்ளே இழுத்துவிடும். பற்கள் மேலே வரும்போது தகட்டுக்கு மேல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தெரிய வேண்டும். நுனி தட்டையாகி மினுமினுத்தால் தேய்ந்துவிட்டது. அதற்கும் பாகம் கிடைக்கும்.

நூல் இல்லாமல் தாளில், பிறகு துணியில்

இப்போது பெல்ட்டை மாட்டுங்கள். நூல் கோக்காமல், ரூல் போட்ட தாளைக் கோட்டோடு பொருத்தி, கையால் வழிநடத்தாமல் தையுங்கள். தாள் தானாகக் கோட்டை விட்டு விலகினால் பல் கோணலாக இருக்கிறது, அல்லது பாதம் ஒரு பக்கமாக அழுத்துகிறது. தையல் நீளத்தை 10 சென்டிமீட்டருக்கு 40 துளை வருமாறு வைத்துக்கொண்டு எண்ணுங்கள். பிறகு தையல் நீள லிவரை மேலே தூக்கிப் பின்னோக்கி அதே நீளம் தைத்து எண்ணுங்கள். இரண்டு மூன்று வித்தியாசம் பரவாயில்லை. பத்துக்கு மேல் போனால் லிவருக்கும் பல்லுக்கும் இடையே எங்கோ தேய்ந்திருக்கிறது. நூல் கோத்துப் பார்த்தால் இந்தக் குறை கண்ணில் படாது, தாளில் அப்பட்டமாகத் தெரியும்.

நூல் கோக்கும் முன் ஊசியை மாற்றுங்கள். இருக்கிற ஊசி நன்றாகத்தானே இருக்கிறது என்று விட வேண்டாம். ஊசியில் நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து நூல் நுழைய வேண்டும். தட்டைப் பக்கம் அதற்கு எதிரில் இருக்கும். கிளாம்புக்குள் முட்டும்வரை ஊசியை மேலே தள்ளி இறுக்குங்கள். "தைக்கவே மாட்டேங்குது" என்று ஒதுக்கிய மெஷின்களில் எத்தனையோ, பக்கம் மாற்றி மாட்டிய ஊசியால் ஒதுக்கப்பட்டவை. உங்களுக்கு லாபம் தரும் மெஷின் இப்படித்தான் வரும்.

மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் நூல் போட்டு, பாப்ளினை இரண்டாக மடித்து ஒரு மீட்டர் தையுங்கள். மேல் நூலின் நிறம் துணியின் அடியில் புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன், அதாவது மேல் நூலின் இறுக்கம், தளர்வு. கீழ் நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் அதிக இறுக்கம். அடியில் கொத்துக்கொத்தாக வளையம் விழுந்தால் உடனே கீழ்ப்பக்கத்தைக் குறை சொல்ல வேண்டாம்; மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காரவில்லை. பாதத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நூலை மறுபடி கோத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் தட்டுகளைப் பிரித்து உள்ளே அடைந்த பஞ்சைத் தட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் மெல்லிய கம்பி ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து மெல்லிய துணியும் சாட்டினும். இவற்றுக்கு 11-ஆம் நம்பர் ஊசி. இங்கே தையல் விடுகிறதா என்று எண்ணுங்கள். ஒரு மீட்டரில் ஓரிடம் விட்டால்கூட ஊசியை மாற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் விட்டால் மேலே சொன்ன ஊசித் தண்டு ஆட்டமோ, ஷட்டில் மூக்கு ஊசியைக் கடக்கும் நேரத்தில் பிசகோ இருக்கலாம். கடைசியாக 16-ஆம் நம்பர் ஊசியில் ஜீன்ஸ், காலின் பக்கத் தையல் குறுக்கே வரும் மேட்டில். அந்த மேட்டில் மெஷின் நின்று யோசிக்கலாம், ஊசி வளையக் கூடாது. வேகமாக ஓட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டொக்' என்று அடித்தால் உள்ளே இருக்கும் இணைப்புத் தண்டு தளர்ந்திருக்கிறது. எண்ணெய் விட்டதும் குறையும் சத்தம் வேறு, குறையாத சத்தம் வேறு. விட்டுப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

ஸ்டாண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, கால்களில் வெல்டிங் தேடி, மிதிக்கும்போது நடுங்குகிறதா என்று கவனித்தால் போதும். தேய்ந்த பெல்ட், பாபின் சுற்றும் ரப்பர், உடைந்த பலகை இவற்றுக்காக நல்ல ஹெட்டை விட்டுவிட வேண்டாம். நல்ல ஸ்டாண்டுக்காக மோசமான ஹெட்டை எடுக்கவும் வேண்டாம்.

வேறு ரகங்கள் வந்தால்

தாத்தா காலத்து சிங்கர் என்று காட்டினால் முதலில் ஷட்டிலைப் பாருங்கள். வட்டப் பாபினுக்குப் பதில் தோட்டா போன்ற ஷட்டிலும் நீளக் குச்சிப் பாபினும் இருந்தால் அது 27, 127 போன்ற மிகப் பழைய ரகம். அழகாகத் தைக்கும், ஆனால் பாபின் தொலைந்தால் கடை கடையாக அலைய வேண்டும். தைத்துப் பிழைக்க அது உதவாது. சிங்கரின் ஸ்காட்லாந்துத் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. அதில் செய்ததென்று காட்டி விலையேற்றினாலும், உங்களுக்கு வேண்டியது பாகம் கிடைக்குமா என்பதுதான்.

திருப்பூர்ப் பக்கம் கம்பெனிகள் கழிக்கும் பவர் மெஷின்கள் மலிவாக வரும். முதலில் மோட்டார் சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்று கேளுங்கள். த்ரீ ஃபேஸ் மோட்டார் சிங்கிள் ஃபேஸ் வீட்டு லைனில் நேராக ஓடாது, அதை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டுங்கள். கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே மின்சாரம் இழுக்கும், சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும். தானாக எண்ணெய் ஏறும் மெஷின் என்றால் ஓடும்போது மேலே இருக்கும் கண்ணாடிக்குள் எண்ணெய் தெறிப்பது தெரிய வேண்டும். தெறிக்காவிட்டால் எண்ணெய் மேலே ஏறவில்லை. எத்தனை நாள் அப்படிக் காய்ந்து ஓடியதோ தெரியாது. இவற்றுக்கு உருண்டைத் தண்டுள்ள டிபி எக்ஸ் 1 ஊசிதான், வீட்டு ஊசி சேராது.

வெளிநாட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் உடல் மெஷினில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்க மெஷின் 110–120 வோல்ட், ஜப்பான் மெஷின் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் மோட்டார் கருகும். ஜிக்ஜாக்கை அதிக அகலத்தில் வைத்துப் பத்து நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருந்தால் ஊசி ஒரே இடத்தில் தடுமாறும். கருகல் வாடை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்டேப்ளர் போலக் கையில் பிடித்துத் தைப்பதாக விற்கும் குட்டி மெஷினை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுவது அது. கடைசி நுனியை இழுத்தால் முழுத் தையலும் அவிழ்ந்து வந்துவிடும்.

விலை பேசும்போது மாற்ற வேண்டிய பாகங்களைத் தாளில் எழுதி, பக்கத்துக் கடையில் விலை கேட்டு, மெக்கானிக் கூலியையும் வண்டி வாடகையையும் சேர்த்துக் கூட்டுங்கள். கேட்கும் விலையும் இந்தத் தொகையும் சேர்ந்து அதே ரகத்துப் புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதையே வாங்குவது நல்லது. ஊசித் தண்டும் மேல் தண்டும் கெட்டியாக இருந்து மற்றதெல்லாம் அழுக்கும் சில்லறைப் பாகமும் என்றால் பேரம் பேசி முடித்துவிடுங்கள்.

எடுத்து வரும்போது ஹெட்டைக் கீலிலிருந்து கழற்றித் தனியாகக் கொண்டு வாருங்கள். ஸ்டாண்டோடு சேர்த்துத் தூக்கினால் வழியில் கீல் உடையும். வீட்டில் வைத்ததும் பஞ்சைத் துடைத்து, ஒவ்வொரு துளைக்கும் இரண்டு சொட்டு ஆயில் விட்டு, பாதத்தைத் தூக்கிவைத்து நூலில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு எண்ணெய்க் கறை நிற்கும்வரை கழிவுத் துணியில் தையுங்கள். பழைய அழுக்கு முதல் ஒரு வாரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த வாரம் மட்டும் தினமும் எண்ணெய் விட்டு, வெள்ளைத் துணியைத் தள்ளி வையுங்கள்.